பழைய வீட்டை இடிக்கும் முன் ஒரு பிளான், ஒரு தண்ணீர்ப் பரிசோதனை

பல்லடத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையில் அருள்புரம் வந்துவிட்டால் இரண்டு பக்கமும் பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, அவற்றில் வேலை செய்பவர்களுக்கான லைன் வீடுகள். சாலையை விட்டு உள்ளே திரும்பினால்தான் இது ஒரு காலத்தில் முழுக்க விவசாய ஊர் என்பது தெரியும். தென்னைக்கும் சோளத்தட்டுப் போருக்கும் நடுவில் ஓட்டு வீடு, முன்னால் திண்ணை, பக்கத்தில் கட்டுத்தறி, பின்னால் பொடக்காளி. இந்த வீடுகளில் பல இன்று ஒரே கேள்வியின் முன் நிற்கின்றன: இடிப்பதா, வைத்துக்கொள்வதா?

பெரும்பாலும் அந்தக் கேள்வி கேட்கப்படுவதே இல்லை. மகனுக்குக் கல்யாணம் கூடிவிட்டது, ஓடு ஒழுகுகிறது, கொஞ்சம் பணம் கையில் வந்திருக்கிறது. ஜேசிபிக்குச் சொல்லிவிடுகிறார்கள். ஐம்பது, அறுபது வருஷம் நின்ற வீடு அரை நாளில் மண்ணாகிறது. அதன்பிறகுதான் "என்ன மாதிரி கட்டலாம்?" என்று மேஸ்திரியிடம் பேச்சே தொடங்குகிறது. நிலத்துக்கு அடுத்தபடியாக ஒரு விவசாயக் குடும்பம் செய்யும் மிகப் பெரிய செலவு வீடுதான். கிணறு வெட்ட நாலு பேரிடம் விசாரிக்கிறோம், போர் போட நீரோட்டம் பார்க்கிறோம். வீட்டுக்கு மட்டும் பக்கத்து வீட்டுப் பிளானையே போட்டுவிடுகிறோம்.

வீட்டுக்கென்று தனியாகப் பிளான் போட்டுத் தரும் சிறிய ஆர்க்கிடெக்ட் அலுவலகங்கள் இப்போது கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் நிறையவே இருக்கின்றன. இரண்டு பேர், மூன்று பேர் வேலை செய்யும் இடங்கள். அவர்களெல்லாம் பணக்காரர்களுக்குத்தான் என்ற எண்ணம் கிராமங்களில் ஊறிப்போயிருக்கிறது. புதுப் பங்களா கட்டுகிறவரைவிட, பழைய வீட்டைத் திருத்திப் பெரிதாக்க நினைப்பவருக்குத்தான் அவர்களின் உதவி அதிகம் தேவை. புது வீட்டில் செய்யும் தவறு கண்ணுக்குத் தெரியும். பழைய வீட்டில் எந்தச் சுவரைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது, பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

லாரி பேக்கர் காட்டிய வழி

சிறிய அளவில், குடும்பத்துக்கு ஏற்றபடி வீடு வரைவது என்றால் நம் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் லாரி பேக்கர். 1917-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945-இல் இந்தியா வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தில் தங்கிவிட்டவர். 2007-இல் காலமானார். வீடு கட்டும் பொருள் வீட்டைச் சுற்றிச் சில மைல் தூரத்துக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்று காந்தி சொன்னதைப் பிடித்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க வேலை செய்தார். மனையில் நின்று, மேடு பள்ளம் பார்த்து, நிற்கிற மரத்தை வெட்டாமல் சுவரை வளைத்துக் கட்டினார். இடித்த கட்டடங்களின் கதவு, ஜன்னல், மரங்களை வாங்கிப் புது வீட்டில் பொருத்துவதை அவர் குறைவாக நினைத்ததில்லை. நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அவர் கட்டிக்கொண்ட சொந்த வீடும் ஒரே மூச்சில் கட்டியதல்ல. தேவை வர வர ஒவ்வோர் அறையாகச் சேர்ந்தது. நம் தோட்டத்து வீடுகளும் அப்படித்தான் வளர்ந்தன.

1985-இல் திருச்சூரில் தொடங்கிய காஸ்ட்ஃபோர்ட் அமைப்பு இந்த முறையைக் கேரளம் முழுக்கக் கொண்டுபோனது. பேக்கரிடம் பயின்ற பென்னி குரியகோஸ் சென்னையில் இருந்துகொண்டு பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் வேலையில் பெயர் பெற்றவர். 2004 சுனாமிக்குப் பிறகு தரங்கம்பாடி, சின்னங்குடி மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்டித் தந்த வேலையிலும் அவர் பங்கு உண்டு. குடும்பங்களிடம் பேசித்தான் அங்கே பிளான் போடப்பட்டது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவைப் பலர் சுற்றுலாவாகப் பார்த்திருப்பார்கள். அங்கே நிற்கும் பழைய வீடுகள் பல, ஊர்களில் இடிபட இருந்தவை. தூண் தூணாக, உத்திரம் உத்திரமாகப் பிரித்துக் கொண்டுவந்து திரும்ப நிறுத்தினார்கள். பழைய மரத்துக்கும் ஓட்டுக்கும் எவ்வளவு ஆயுள் பாக்கி இருக்கிறது என்பதை அங்கே போனால் கையால் தொட்டே பார்க்கலாம். நம் ஊரில் அதே தூணை விறகுக்குப் போடுகிறோம், இல்லையென்றால் பழைய மரம் வாங்குபவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறோம்.

எது நிற்கும், எது நிற்காது?

ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அருள்புரத்துக்கு உள்ளே மூன்று ஏக்கர் தோட்டம், தென்னையும் கொஞ்சம் தீவனச் சோளமும். இரண்டு மாடு, பத்து வெள்ளாடு. தாய் தகப்பன், பனியன் கம்பெனிக்குப் போகும் மகன், வீட்டிலேயே ஓவர்லாக் மெஷின் போட்டுத் தைக்கும் மருமகள், பள்ளிக்கூடம் போகும் பேத்தி, எழுந்து நடக்கச் சிரமப்படும் வயதான ஆத்தா. வீடு மண் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, மங்களூர் ஓடு. நடுவே ஆசாரம், இரண்டு பக்கமும் சின்ன அறைகள். கழிப்பறை வெளியே. இந்தப் பக்கத்தில் இப்படிப்பட்ட வீட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை.

பிளான் போட வருபவர் முதலில் செய்ய வேண்டியது வரைவதல்ல, அளப்பது. சுவரின் கனம், சாய்வு, விரிசல், ஓட்டுக்குக் கீழே கைமரமும் ரீப்பரும் இருக்கும் நிலை, தரை மட்டம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். விரிசலில் இரண்டு வகை. பூச்சில் மட்டும் வலை வலையாக ஓடுவது பயப்பட வேண்டியதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, சுவரின் இரண்டு பக்கமும் தெரிந்தால் அஸ்திவாரம் இறங்குகிறது என்று பொருள். அந்த விரிசலின் மேல் ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சிமென்டால் ஒட்டி, தேதி எழுதி வைத்தால் போதும். மழைக்காலம் ஒன்று, கோடை ஒன்று கடந்தும் கண்ணாடி உடையாவிட்டால் விரிசல் பழையது, இப்போது நகரவில்லை. உடைந்தால் முதல் செலவு அஸ்திவாரத்துக்கு.

கைமரத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும். கரையான் நடுவில் ஆரம்பிப்பதைவிட, சுவருக்குள் புதைந்திருக்கும் முனையில் ஆரம்பிப்பதுதான் அதிகம். ஸ்க்ரூ டிரைவரால் முனையில் குத்திப் பார்த்து, அரை அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த மரத்தை மாற்ற வேண்டும். எல்லா மரத்தையும் மாற்ற வேண்டிய நிலை அபூர்வம். ஒழுகலுக்குக் காரணமும் பெரும்பாலும் ஓடு அல்ல. ரீப்பர் வளைந்து, ஓட்டுக்கு ஓடு இடைவெளி விட்டிருக்கும். ஓட்டை இறக்கி, கழுவி, உடைந்ததை மட்டும் மாற்றி, ரீப்பர் புதிதாக அடித்துத் திரும்ப மேய்ந்தால் ஒழுகல் நின்றுவிடும்.

இதில் ஒரு தவறை மட்டும் யாரும் செய்யக் கூடாது. மண் சுவர் கனமாக இருக்கிறதே என்று ஓட்டை எடுத்துவிட்டு அதன் மேலேயே காங்கிரீட் தளம் போடுவது. மங்களூர் ஓடு, ரீப்பர் எல்லாம் சேர்ந்து சதுர அடிக்குச் சுமார் 6 கிலோ. ஐந்து அங்குலக் காங்கிரீட் தளம் சதுர அடிக்கு 29 கிலோ வரை வரும். ஐந்து மடங்கு பாரம்! மண் குழைத்துக் கட்டிய சுவரும், அதன் கீழே இரண்டு மூன்றடி ஆழத்தில் இருக்கும் கல் அஸ்திவாரமும் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. மாடி வேண்டுமென்றால் அதற்குத் தனி அஸ்திவாரம், தனிப் பில்லர். பழைய சுவரையும் புதுக் கட்டடத்தையும் ஒட்டிக் கட்டாமல் நடுவே இடைவெளி விட்டு, மேலே மட்டும் மழைநீர் இறங்காமல் மூட வேண்டும். புதுக் கட்டடம் முதல் சில வருஷங்களில் கொஞ்சம் இறங்கும். ஒட்டிக் கட்டினால் பழைய சுவரையும் சேர்த்து இழுக்கும்.

ஆக, நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் ஆசாரமும் திண்ணையும் ஓட்டுக் கூரையோடு அப்படியே நிற்கலாம். அதன் பின்னால் மகன் குடும்பத்துக்கு இரண்டு அறை, சமையலறை, உள்ளேயே கழிப்பறை புதிதாகக் கட்டலாம். முழுக்க இடித்துக் கட்டும் செலவில் ஒரு பங்கு குறையும். அதைவிட முக்கியம், வேலை நடக்கும் ஆறேழு மாதமும் குடும்பம் வாடகை வீடு தேடாமல் பழைய பாதியிலேயே இருக்கலாம். மாடு, ஆடு வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

தென்னை தாங்கும் தண்ணீரைக் கம்பி தாங்காது

அருள்புரம் பக்கத்தில் வீடு கட்டுவதற்கும் மற்ற ஊரில் கட்டுவதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் தண்ணீர்.

துணிக்குச் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் பல ஆண்டுகள் சாயக்கழிவோடு சேர்ந்து ஓடைகளிலும் நொய்யலிலும் இறங்கின. 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதில் சாயக்கழிவைத் தேக்கிய கதை எல்லோருக்கும் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவு ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறை கட்டாயமாயிற்று. அருள்புரத்திலேயே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. ஆனால் முன்பு நிலத்துக்குள் இறங்கிய உப்பு ஒரே நாளில் போய்விடுவதில்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டத்திலேயே ஒரு கிணறு நன்றாக இருக்கும், ஒரு போர்வெல் வாயில் வைக்க முடியாது.

விவசாயிகள் இதைப் பயிருக்காகப் பார்க்கிறார்கள், வீட்டுக்காகப் பார்ப்பதில்லை. தென்னை உப்பை ஓரளவு தாங்கும். காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி தாங்காது. நல்ல காங்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம் சிமென்டின் காரத்தன்மை. குளோரைடு அந்தக் காப்பை உடைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே காங்கிரீட்டைப் பிளக்கும். கட்டிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்திலேயே சன்ஷேடு ஓரம் பிளந்து, தளத்தின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து, கம்பி வரி வரியாகத் தெரியும் வீடுகளை எங்கும் பார்க்கலாம். கம்பெனிக் கம்பி சரியில்லை, சிமென்ட் சரியில்லை என்று பழி போகும். கலவைக்கு எந்தத் தண்ணீர் ஊற்றினோம் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதற்கு அளவு இருக்கிறது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. சல்பேட் 400 மில்லி கிராம். கார அமிலத் தன்மை 6-க்குக் குறையக் கூடாது. கம்பி இல்லாத வெறும் காங்கிரீட் என்றால் குளோரைடு 2,000 மில்லி கிராம் வரை போகலாம். பிரச்சினை கம்பிக்குத்தான் என்பது இதிலேயே தெரிகிறது.

விவசாயிகள் கையில் ஏற்கெனவே ஒரு சீட்டு இருக்கும். மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரைக் கொடுத்து வாங்கிய அறிக்கை. அதில் குளோரைடு மில்லி ஈக்விவலன்ட் கணக்கில் போட்டிருப்பார்கள். அதை 35.5 ஆல் பெருக்கினால் மில்லி கிராம் கிடைக்கும். குளோரைடு 14-ஐத் தாண்டியிருந்தால் அந்தத் தண்ணீர் தளம் போட ஆகாது. சல்பேட் 10-ஐத் தாண்டினாலும் அதே முடிவுதான். அறிக்கையில் மின்கடத்து திறன் மட்டும் இருந்தால், அந்த எண்ணை 640 ஆல் பெருக்க, மொத்த உப்பு லிட்டருக்கு எத்தனை மில்லி கிராம் என்று ஏறக்குறைய தெரியும். ஆனால் அதில் குளோரைடு எவ்வளவு என்பது தெரியாது. அதனால் குளோரைடைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்திலும் கொடுத்துப் பார்க்கலாம். மோட்டாரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலைக் கழுவி, நிரம்பப் பிடித்து அன்றே கொடுக்க வேண்டும். உப்பு ஏறி இருக்கும் கோடையில் எடுத்தால் இன்னும் நல்லது. பழைய அறிக்கை இரண்டு மூன்று வருஷத்துக்கு முந்தியது என்றால் அதை நம்பக் கூடாது.

தண்ணீர் தவறிவிட்டால் வீடே கட்ட முடியாதா? அப்படியில்லை. 1,000 சதுர அடித் தளத்துக்கு ஐந்து அங்குலக் கனத்தில் சிமென்ட் 80 முதல் 95 மூட்டை ஆகும். மூட்டைக்கு 25 முதல் 30 லிட்டர் தண்ணீர். ஆக, கலவைக்கு 3,000 லிட்டருக்குள் முடிந்துவிடும். அதற்கு டேங்கரில் நல்ல தண்ணீர் வாங்கும் செலவு, ஒரு டன் கம்பியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. க்யூரிங்குக்குத்தான் அதிகம் வேண்டும். தளத்தின் மேல் பாத்தி கட்டி ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்த ஒவ்வொரு தடவையும் 2,400 லிட்டர் பிடிக்கும். சணல் சாக்கை நனைத்துப் போட்டு, மேலே பிளாஸ்டிக் தாள் விரித்தால் பாதிக்கு மேல் மிச்சமாகும். க்யூரிங் தானே என்று உப்புத் தண்ணீரை விடக் கூடாது. அதுவும் உள்ளேதான் இறங்குகிறது. இப்போது கடையில் கிடைக்கும் சிமென்டில் பெரும்பாலானவை சாம்பல் கலந்த பிபிசி வகை. நம் ஊர் வெயிலுக்கு அதற்கு 14 நாள் ஈரம் காய விடாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தளம் போட்ட ஏழாம் நாளே முட்டைப் பிரிக்கவும், தண்ணீர் விடுவதை நிறுத்தவும் அவசரப்படுகிற வழக்கம் ஒழிய வேண்டும்.

மழைநீரைவிட நல்ல தண்ணீர் கிடையாது. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டி மீட்டர் மழைக்கு 900 லிட்டருக்கு மேல் இறங்கும். பழைய ஓட்டுக் கூரைக்குத் தகரப் பீலி அடித்து, வேலை தொடங்கும் முன்பே நிலத்தடித் தொட்டியைக் கட்டிவிட்டால், ஐப்பசி மழையே கலவைக்குப் போதும். வீட்டுக்கு மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டதுதான். கடைசியில் கட்ட வேண்டிய தொட்டியை முதலில் கட்டுங்கள் என்று சொல்லும் ஆர்க்கிடெக்ட் கிடைத்தால் விடக் கூடாது.

காற்று, வெயில், மெஷின்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்று இந்தப் பகுதிக்குக் கிடைத்த வரம். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா இல்லை. பக்கத்து வீட்டுப் பிளானைப் போட்டால் இந்தக் காற்று வீட்டுக்குள் வராது. மேற்குச் சுவரிலும் கிழக்குச் சுவரிலும் ஜன்னல்களை எதிரெதிரே வைத்தால் வெப்பம் வெளியேறும். மேற்கே நேர் வெயிலும் அடிக்கும். அதனால் அந்தப் பக்கம் கழிப்பறை, மாடிப்படி, சாமான் அறை வந்து வெயிலைத் தடுக்க வேண்டும். படுக்கை அறையை மேற்கில் வைத்துவிட்டுப் பிறகு ஏசி வாங்குவது வருஷா வருஷம் மின்கட்டணமாகத் திரும்பும்.

மருமகளின் மெஷினுக்கு ஓர் இடம் பிளானிலேயே வேண்டும். வடக்கு வெளிச்சம் விழும் ஜன்னலோரம், பஞ்சுத் தூசி சமையலறைக்கும் தொட்டிலுக்கும் பறக்காத மூலை. நூற்றுக்குத் தொண்ணூறு பிளான்களில் இது இருக்காது. கேட்டால்தான் வரும். ஆத்தாவின் கட்டிலிலிருந்து கழிப்பறைக்கு வாசற்படி ஏறி இறங்காமல் போக முடிகிறதா, கதவு மூன்றடி அகலம் இருக்கிறதா என்பதும் அப்படித்தான். கழிவுநீர் உறிஞ்சு குழி கிணற்றிலிருந்து 60 அடிக்காவது தள்ளி இருக்க வேண்டும். மாட்டு மூத்திரம் ஓடும் வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் அதே தாளில் வரைந்துவிட வேண்டும்.

பிளானைத் தாளில் பார்த்துப் பெரும்பாலோருக்கு ஒன்றும் புரியாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. களத்தில் கோலப்பொடியால் முழு அளவில் கோடு போட்டு, கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, வீட்டுப் பெண்கள் எல்லோரும் அதற்குள் நடந்து பார்க்க வேண்டும். பத்துக்குப் பத்து அறை எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் தெரியும். பொடியை அழித்துத் திரும்பப் போடக் காசு ஆகாது.

பொருளில் பழசை எவ்வளவு பயன்படுத்தலாம் என்பதும் இந்தக் கட்டத்தில்தான் முடிவாக வேண்டும். கோவை தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் 2021-இல் மூடப்பட்ட பிறகு, நல்ல சேம்பர் செங்கல் முன்போலச் சுலபமாகக் கிடைப்பதில்லை. பழைய சுவரிலிருந்து எடுத்த செங்கல் முழுசாக இருந்தால் பகுதிச் சுவருக்கும் திண்ணைக்கும் போதும். இறக்கிய மங்களூர் ஓடுகளைப் புதுத் தளத்தின் கம்பிகளுக்கு நடுவே வைத்துக் காங்கிரீட் போடும் ஃபில்லர் ஸ்லாப் முறை பேக்கர் பரப்பியது. காங்கிரீட்டும் மிச்சம், வெக்கையும் குறைவு. ஆனால் இதற்குக் கம்பி இடைவெளியை இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும். செங்கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு முறையில் கால் பங்கு செங்கல் மிச்சமாகும். செங்கல் ஒரே அளவாக இருந்தால்தான் இது சரிவரும். கோணல்மாணல் நாட்டுச் செங்கல்லில் முயற்சி செய்து கொத்தனாரோடு சண்டை போட வேண்டாம்.

ஆரோவில் மண் நிறுவனம் 1989 முதல் பரப்பி வரும், ஏறக்குறைய 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டியும் ஒரு வழி. மணல் கலந்த செம்மண் அதற்கு ஏற்றது. கரிசலில் செய்யக் கூடாது.

கூலி, அனுமதி, கணக்கு

1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கும். கேட்டால் தர வேண்டும். பிளான் மட்டும் வரைந்து கொடுத்துவிட்டுப் போகிறவரா, வேலை நடக்கும்போது வந்து பார்ப்பவரா, எத்தனை தடவை வருவார் என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். கூலியைச் சதுர அடிக்கு இவ்வளவு என்றும் பேசலாம், மொத்தச் செலவில் சதவீதமாகவும் பேசலாம். சதவீதம் என்றால், செலவு கூடினால் அவர் கூலியும் கூடும் என்பதை மறக்கக் கூடாது. அளவெடுத்ததும் ஒரு பங்கு, பிளான் முடிந்ததும் ஒரு பங்கு, மீதி வேலையோடு என்று கொடுப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

அவர் முன்பு திருத்திக் கொடுத்த பழைய வீடு ஒன்றைப் போய்ப் பார்க்காமல் முன்பணம் தரக் கூடாது. படத்தில் அல்ல, நேரில். ஒரு மழைக்காலம் கடந்த வீடாக இருக்க வேண்டும். அந்த வீட்டு அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும். ஆல்பத்தில் அழகாக வரும் வீடு வேறு, ஆட்டுக்குத் தழை கட்டுகிற வீடு வேறு.

அனுமதி இல்லாமல் தொடங்கிவிட்டு, பிறகு வங்கிக் கடனுக்கு அலைவது இன்னும் குறையவில்லை. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத தரை, முதல் தள வீடு என்றால், 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். ஆனால் தோட்டத்துப் பூமி, மனை அல்ல. பட்டாவில் புன்செய் என்று இருக்கும் இடத்தில் கட்டுவதற்கு ஊராட்சியிலும் நகர ஊரமைப்பு அலுவலகத்திலும் முதலில் விசாரித்துவிட வேண்டும். அதைவிட முன்னால் தீர்க்க வேண்டியது பங்கு. அண்ணன் தம்பி பாகப் பிரிவினை ஆகாத வீட்டில் ஒருவர் லட்சக்கணக்கில் செலவு செய்துவிட்டு, பிறகு கோர்ட்டில் நிற்பது வேண்டாம். பாகம் பேசி முடிந்தால், ஆசாரத்தைப் பொதுவில் வைத்து இரண்டு பக்கமும் தனித்தனி வாசல் வருமாறு வரையச் சொல்லலாம்.

வழக்கமாக வரும் கேள்விகள்

'தோட்டம் கரிசல் மண். புது அறைகளுக்கு எவ்வளவு ஆழம் அஸ்திவாரம் எடுக்க வேண்டும்?'

கோடையில் வெடிக்கும் விரிசல் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். அஸ்திவாரம் அதற்குக் கீழே போக வேண்டும். ஆழத்திலும் கரிசலே இருந்தால், ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய, அடியில் குமிழ் போல விரியும் காங்கிரீட் பைல் முறை ஏற்றது. வீட்டைச் சுற்றி மூன்றடிக்குச் சாய்வுத் தளம் போட்டு, கூரைத் தண்ணீர் சுவரோரம் இறங்காமல் பாருங்கள். வாழையையும் மருதாணியையும் சுவரோரமாக வைத்துத் தண்ணீர் பாய்ச்சாதீர்கள்.

'மண் சுவரில் ஏற்கெனவே சிமென்ட் பூசிவிட்டோம். இரண்டு வருஷத்தில் அடிப்பக்கம் உப்புப் பூத்து, தகடு தகடாக விழுகிறது. திரும்பவும் சிமென்ட் பூசலாமா?'

பூசாதீர்கள். மண் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. ஈரம் மேலே ஏறி உப்போடு வெளியே வருகிறது. தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை பழைய பூச்சை முழுக்கக் கொத்தி எடுத்து, ஒரு கோடைக்காலம் சுவரைக் காய விடுங்கள். வெளியே தெரு மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருந்தால், சுவரோரம் ஓரடி மண்ணை எடுத்துவிட்டு வாய்க்கால் வெட்டுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்த சுண்ணாம்பையும் சலித்த மணலையும் ஒன்றுக்கு மூன்று என்று கலந்து இரண்டு தடவையாகப் பூசுங்கள். மேலே எமல்ஷன் பெயின்ட் வேண்டாம், வெள்ளை அடித்தால் போதும். அடிப்பக்கம் சில வருஷத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு இரண்டு நாள் கொத்தனார் கூலிதான் ஆகும்.